மஞ்சள் நூல் கட்டிய போத்தல்

என் மனைவி சரசுவின் இடது கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, எலும்பு கோணலாக ஒட்டியிருக்கிறது. என் நோயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த எலும்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதை உடைத்தவன் நான்.

நான் இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து வெட்டியவன். வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக விடுவதுதான் கவ்வாத்து. ஒரே வெட்டில் கொப்பு விழ வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் கொப்பு பிளந்து தண்ணீர் இறங்கி அழுகிவிடும். பத்தொன்பது வயதில் கத்தியைப் பிடித்தேன். படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதிகம் பேச மாட்டேன். கடையில் மிச்சக் காசைக் குறைத்துக் கொடுத்தாலும் கேட்காமல் வந்துவிடுகிற ஆள். இதை என் நல்ல குணம் என்று வெகு காலம் நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தபோது, வலது விதையில் ஒரு தடிப்பு வந்தது. முதலில் பாக்கு அளவு. வலியே இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் எலுமிச்சம்பழம் அளவாகிக் கல் போல இறுகிவிட்டது. கொஞ்ச நாளில் இரண்டு மார்பும் வீங்கின. சட்டை உரசினாலே வலித்தது. வயசுக்கு வருகிற பெண்பிள்ளைக்கு வருவதுபோல இருக்கிறதே என்று கூசிப் போனேன். வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் மலையில் நின்றேன். என்னோடு கவ்வாத்து வெட்டும் வேலு, "என்ன சுப்பையாண்ணே, அடை வச்ச கோழி மாதிரி போத்திக்கிட்டே இருக்கீங்க" என்று கேட்பான். சிரித்துவிட்டு அடுத்த செடிக்குப் போவேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சரசுவிடமும் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் படுத்தால் தெரிந்துவிடுமே என்று அடுப்படிக்குப் பாயை மாற்றிக்கொண்டேன். எட்டு மாதம் அப்படியே போயிற்று. ஏன் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் அவள் கேட்காததும் நான் சொல்லாததும் ஒன்றில்லை என்று தெரிகிறது.

பிறகு முதுகு வலி வந்தது. குனிந்தால் நிமிர முடியாது. தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கொடுப்பவரை நாங்கள் மருந்தையா என்போம். அவரிடம் போய் முதுகை மட்டும் காட்டினேன். சிறுநீரகத்தில் கல் இருக்கலாம், காலையில் விடும் மூத்திரத்தைப் போத்தலில் கொண்டு வா என்றார். அதே வாரம் சரசுவுக்கும் தலை சுற்றியது. இரண்டு மாதமாகத் தீட்டு நின்றிருந்தது. அவளுக்கு இரண்டாவது பெண் பிறந்ததும் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பிள்ளை பெறாதபடி ஆப்பரேஷன் செய்துவிட்டார்கள். அது நடந்து ஒன்பது வருஷமாகியிருந்தது. தீட்டு நிற்கும் வயது நெருங்கியிருக்கலாம், எதற்கும் பார்த்துவிடுவோம், அவளுடையதையும் கொண்டு வா என்று மருந்தையா சொல்லியிருந்தார்.

காலையில் நான் விட்டு வைத்த போத்தலையும் தன்னுடையதையும் சரசு என் கையில் கொடுத்தாள். இரண்டும் ஒரே மாதிரியான இருமல் மருந்துப் போத்தல்கள். ஒன்றின் கழுத்தில் கோயிலில் கட்டும் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. அடையாளத்துக்காகத் தன்னுடையதில் கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோட்டுச் சட்டையின் இரண்டு பைகளிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போனேன்.

மருந்துச்சாலை வாசலில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். மருந்தையா சன்னலுக்கு உள்ளேயிருந்து, "சுப்பையா, மூத்திரம் கொண்டாந்தியா? யாரோடது, ஒன்னோடதா சம்சாரத்தோடதா?" என்று சத்தமாகக் கேட்டார். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் காது சூடாகிவிட்டது. நான் மஞ்சள் நூல் கட்டிய போத்தலை எடுத்து நீட்டி, "சம்சாரத்தோடதுங்க" என்றேன். என்னுடையதை வெளியில் எடுக்கவே இல்லை. போகும் வழியில் சாக்கடைக் கானுக்குள் ஊற்றிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

மருந்தையா ஒரு காகிதப் பட்டையை அந்தப் போத்தலுக்குள் நனைத்து எடுத்தார். பிள்ளை உண்டாகியிருந்தால் அதில் இரண்டு கோடு விழும். இல்லாவிட்டால் ஒரு கோடுதான். அவர் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ரெண்டு கோடு காட்டுதே. ஆப்பரேஷன் பண்ணுன பொம்பளைக்கு எப்புடிடா? நாளைக்கு அவளக் கூட்டிட்டு வா" என்றார். சொன்னது வரிசை முழுவதற்கும் கேட்டது.

நான் வேலைக்குப் போவதற்குள் அந்தச் செய்தி மலையில் ஏறியிருந்தது. வேலு கத்தியைத் தீட்டிக்கொண்டே, "கட்டுன அணையும் ஒடையுமாண்ணே? இல்ல வேற யாராச்சும் மடையத் தொறந்தாங்களா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நான் அன்று எத்தனை செடி வெட்டினேன் என்று தெரியாது. எல்லாக் கொப்பும் பிளந்திருந்தது. என் தலைக்குள் ஓடியதெல்லாம் ஒரே கணக்குத்தான். எட்டு மாதமாக நான் அவள் பக்கத்தில் போகவில்லை. அவளுக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது.

சாயந்தரம் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்கு, லயத்துக்கு வந்தபோது அவள் அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டேன். விளங்கியதும் எழுந்து நின்றாள். நான் முதலில் கையால் அடித்தேன். பிறகு கவ்வாத்துக் கத்தியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மரப்பிடியால் அடித்தேன். அவள் இடது கையைத் தூக்கித் தலையை மறைத்தாள். அந்தக் கையில் விழுந்தது. காய்ந்த கொப்பு ஒடிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை என் தொழிலில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ கை நிற்கவில்லை. பெரியவள் மல்லிகா குறுக்கே வந்தாள். அவளைப் பிடித்துத் தள்ளினேன். சுவரில் தலை மோதி நெற்றி பிளந்தது. லயத்தில் பக்கத்து வீட்டு அறைக்கும் எங்களுக்கும் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது. யாரும் வரவில்லை.

சரசு அழவில்லை. உடைந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, "யார் யார்னு கேக்குறீங்களே, எட்டு மாசமா எம்பக்கத்துல ஏன் வரலைன்னு நான் ஒரு நாளாவது உங்களக் கேட்டேனா?" என்றாள்.

கத்தி என் கையிலிருந்து விழுந்தது. அவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கீழ் லயத்தில் இருக்கும் தன் அண்ணன் ராமலிங்கத்தின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ராமலிங்கம் வந்தார். என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று வாசலில் நின்றேன். "வாங்க, மருந்துச்சாலைக்கு. எந்தங்கச்சி மூத்திரம் மறுபடி பாக்கணும்னு சொல்றா. நீங்க பக்கத்துல இருக்கணுமாம்" என்று மட்டும் சொன்னார்.

உடைந்த கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டபடி அங்கே நின்ற சரசு உள்ளே போய்ப் புதிதாகக் கொண்டுவந்து கொடுத்தாள். மருந்தையா எங்கள் எல்லோருடைய கண்ணுக்கு முன்னாலும் பட்டையை நனைத்தார். ஒரு கோடுதான் விழுந்தது. மருந்தையாவுக்கு முகம் மாறிவிட்டது. நேற்றைய போத்தல் சன்னல் கட்டையில் அப்படியே இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்து, அப்படியானால் இது என்ன என்று கேட்டார்.

சரசு மஞ்சள் நூலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது என்னோடது இல்லைங்கய்யா. நூல் கட்டுனது அவரோட போத்தல். அவருக்கு அங்க ஒரு கட்டி இருக்கு. தூக்கத்துல இடுப்புச் சாரம் வெலகயில பாத்தேன். வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. நோய் என்னான்னு தெரிஞ்சு சொகமாகட்டும்னு மாரியம்மன் கோயில் நூலக் கட்டி அனுப்புனேன்."

மருந்தையா யாரையும் பார்க்காமல் எழுந்து கதவைச் சாத்தினார். சரசுவையும் ராமலிங்கத்தையும் வெளியே அனுப்பிவிட்டு என்னைச் சாரத்தை அவிழ்க்கச் சொன்னார். தொட்டுப் பார்த்தார். மார்பையும் அமுக்கிப் பார்த்தார். "ரெண்டு கோடு பொம்பளைக்கு விழுந்தா புள்ள. ஆம்பளைக்கு விழுந்தா என்னான்னு நான் படிக்கிறப்ப ஒரே ஒரு தடவ சொல்லிக் குடுத்தாங்க. இத்தன வருசத்துல இப்பத்தான் பாக்குறேன்" என்றார். கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். நேற்று வரிசைக்குக் கேட்கச் சொன்னதற்காக அவர் சரசுவிடம் மன்னிப்புக் கேட்டதாகப் பிறகு ராமலிங்கம் சொன்னார். நான் அன்றைக்கு அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெளியில் வந்தபோது, யாராவது கேட்டால் எனக்குக் குடலிறக்கம் என்று சொல்லிவிடும்படி ராமலிங்கத்திடம் கேட்டுக்கொண்டேன். எலும்பை உடைத்ததற்கு அடுத்தபடியாக நான் செய்த பெரிய பிழை அதுதான்.

கண்டிக்குப் போகும் வழியில் இன்னொன்று நடந்தது. அப்போது சண்டைக் காலம். பஸ்ஸை ஒரு சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். ஒரு சிப்பாய் என் இடுப்பிலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தான். இருபது வயதுகூட இருக்காது. கை அந்தக் கல்லில் பட்டதும் பின்னால் துள்ளித் துவக்கைத் தூக்கினான். "மொகக்த ஏ?" என்று கத்தினான். அது என்ன என்று கேட்கிறான். குண்டு கட்டியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். பஸ்ஸில் வந்தவர்கள் ஓடினார்கள். இன்னும் மூன்று துவக்குகள் என் பக்கம் திரும்பின. ஒருவன் பின்னாலிருந்து என் முழங்காலை உதைத்து மண்டியிட வைத்தான். ராமலிங்கம் கையிரண்டையும் தூக்கிக்கொண்டு, "லெடக் மாத்தயா, லெடக்" என்று கதறினார். நோய் ஐயா, நோய் என்று. நடுரோட்டில் நான் சாரத்தைத் தூக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. எட்டு மாதம் என் மனைவிக்குக் காட்டாததை ஒரு பஸ் நிறைந்த ஆட்களுக்குக் காட்டினேன். அந்தச் சிப்பாய் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு அவனே தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தான். குடிக்க முடியவில்லை. பல் கிட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். என்னோடு படுத்திருந்தவர் வலப்பனைப் பக்கத்துச் சிங்களத் தோட்டக்காரர், முதியான்சே. வயிற்றில் புற்று. அவருக்குத் தமிழ் நன்றாக வரும். என் ரத்தத்தையும் மூத்திரத்தையும் மூன்று தடவை எடுத்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். வயிற்றை ஸ்கேன் பண்ணினார்கள். ஆம்பிளைக்குப் பிள்ளைச் சோதனை சரிவந்திருக்கிறது என்ற செய்தி வார்டு முழுவதும் பரவிவிட்டது. படிக்கிற டாக்டர் பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முதியான்சே கண்ணைச் சிமிட்டி, "மல்லி, எத்தன மாசம்? ஆம்புளப் புள்ளன்னா எம்பேரு வைக்கணும்" என்றார். சிங்களத்தில் தம்பியை மல்லி என்பார்கள். தோட்டத்தில் இதே மாதிரிப் பேச்சுக்குத்தான் நான் கத்தியைத் திருப்பினேன். இங்கே எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுப் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

மூன்றாம் நாள் ஒரு டாக்டரம்மா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அன்றைக்கென்று சரசு கையில் மாவுக்கட்டோடு வந்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். டாக்டரம்மா நெஞ்சுப் படத்தைச் சன்னலில் பிடித்துக் காட்டினார். இரண்டு நுரையீரலிலும் வெள்ளைப் புள்ளிகள், சல்லிக்காசு இறைத்த மாதிரி. விதையில் தொடங்கிய புற்று வயிற்றுக்குள் முதுகெலும்புப் பக்கம் ஏறி நெஞ்சுக்கும் போய்விட்டது என்றார். முதுகு வலி அதனால்தான். அப்படியானால் அந்த இரண்டு கோடு என்ன என்று சரசுதான் கேட்டாள். டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது அப்படியே எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"நாங்கள் எல்லாரும் தாயின்ர வயித்துக்குள்ள ஒரு புள்ளியாத்தான் தொடங்கினனாங்கள். அந்த நேரம் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் சில கட்டளையள் வேலை செய்யும். வேகமாப் பெருகு. இருக்கிற இடத்தை விட்டுட்டுப் போ. தாயின்ர சதையைத் துளைச்சு ரத்தத்தை இழு. அப்பிடிச் செய்யாட்டி ஒரு பிள்ளை உருவாகேலாது. பிள்ளை உருவானாப் பிறகு உடம்பு அந்தக் கட்டளையளைப் பூட்டி வைச்சிடும். உங்களுக்கு அந்தப் பூட்டு உடைஞ்சு போச்சுது. கட்டியில இருக்கிற உயிரணுக்கள் தாங்கள் இன்னும் கருவில இருக்கிறம் எண்டு நினைக்குதுகள். அதுதான் பிள்ளை தங்கின தாயின்ர மூத்திரத்தில வாற சத்து உங்கட மூத்திரத்திலயும் வருகுது. மார்பு வீங்கினதும் அதாலதான்."

பெருகுகிற வேகமும், நெஞ்சு வரைக்கும் போகத் தெரிந்த வழியும், போன இடத்தில் ரத்தத்தை இழுத்துக்கொள்ளும் பழக்கமும் எல்லாம் அந்தப் பழைய கட்டளைகள்தானாம். புற்று புதிதாக ஒன்றையும் கற்றுக்கொள்வதில்லை, பிள்ளையை உண்டாக்கிய அதே வேலையை ஆளைக் கொல்லுவதற்குச் செய்கிறது என்று சொன்னார். எல்லாப் புற்றிலும் கொஞ்சமோ அதிகமோ இந்தக் கதை இருக்கும், என்னுடையதில் வெளிப்படையாகத் தெரிகிறது என்றார்.

எனக்குத் தேயிலைச் செடி ஞாபகம் வந்தது. மொட்டையாக வெட்டியபின், கிழட்டுப் பட்டைக்குள் வருஷக்கணக்காகத் தூங்கிய கண்கள் முழித்துத் துளிர் விடும். அதை நம்பித்தான் நாங்கள் வெட்டுகிறோம். என் உடம்பில் யாரும் வெட்டாமலே கண்கள் முழித்துவிட்டன. அதைச் சொல்ல வாயெடுத்தேன். வேறு ஒன்று வெளியில் வந்தது.

"அம்மா, அந்தச் சத்து ரத்தத்துல ஏறுனதாலதான் எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சுங்களா? அவ கைய நாந்தாங்க ஒடைச்சேன்."

டாக்டரம்மா சரசுவின் மாவுக்கட்டைப் பார்த்தார்.

"இல்லை. அதை வருத்தத்தின்ர தலையில போடாதேங்கோ. வருத்தம் வந்தது உங்கட பிழை இல்லை. அது உங்கட பிழை. வருத்தத்துக்கு என்னட்ட மருந்து இருக்குது. மற்றதுக்கு இல்லை."

யாழ்ப்பாணத்தார் நோயை வருத்தம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் அன்று இரண்டு பக்கமும் குத்தியது.

அவர் எழுந்து போனபின் சரசு கிட்ட வந்தாள். கொண்டு வந்த கஞ்சியை வலது கையால் ஊட்டினாள். நான் வாயைத் திறந்து, ஏதோ மன்னிப்பு மாதிரி ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன். அவள் கரண்டியை வைத்து அடைத்தாள். "இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. நோய்க்காரனுக்கிட்ட கணக்குத் தீக்க மாட்டேன். மொதல்ல நல்லாகுங்க. நல்லானதும் ஒண்ணு கேப்பேன். அதச் செஞ்சா வீட்டுக்கு வருவேன். செய்யலைன்னா அண்ணன் வீட்டுலயே இருந்துக்குவேன்" என்றாள். என்ன என்று கேட்டேன். சொல்லவில்லை.

அடுத்த வாரம் தொடைக்கு மேலே கீறி அந்த விதையை எடுத்தார்கள். வெளியே எடுத்ததைத் தட்டில் வைத்து ஒரு நொடி காட்டினார்கள். உள்ளங்கையளவு, சாம்பல் நிறம், நடுவில் ரத்தம் உறைந்த குழிகள். எனக்குள் இருந்துகொண்டு என்னைத் தாய் என்று நினைத்துத் துளைத்த சாமான் அதுதானா என்று பார்த்தேன்.

மருந்து அதைவிடக் கொடுமை. ஐந்து நாள் நரம்பில் ஏற்றுவார்கள், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நாலு தடவை. பெருகுகிற உயிரணுவைத் தேடிப் பிடித்துக் கொல்லும் மருந்து. நல்லதையும் கொல்லும். இரண்டாம் நாளே வாந்தி தொடங்கும். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் யாரோ உள்ளே கையை விட்டுக் குடலை முறுக்கிப் பிழிவது போல வரும். பச்சையாக வரும், பிறகு கீறல் கீறலாக ரத்தம் வரும். ஒரு தடவை வாந்தி எடுத்த வேகத்தில் நெற்றி கட்டில் இரும்பில் அடித்துப் பிளந்தது. மல்லிகாவுக்கு நான் பிளந்த அதே இடம். தையல் போட்ட தாதி, வலித்தால் சொல்லச் சொன்னாள். நான் வலிக்கவில்லை என்றேன்.

தலைமயிர் தலையணையிலேயே கழன்று கிடந்தது. வாயெல்லாம் புண். காதுக்குள் சில்வண்டு கத்த ஆரம்பித்தது, இன்றைக்கும் நிற்கவில்லை. விரல் நுனிகள் மரத்துப் போயின. இதைப் படிக்கும் யாருக்காவது இந்த மருந்து ஏற்ற வேண்டி வந்தால் ஒன்று சொல்கிறேன். ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொண்டால் புண்ணின் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். முதியான்சேயின் மகள் கொண்டுவரும் ஐஸில் பாதியை அவர் எனக்குத் தருவார். மூன்றாவது தடவை மருந்துக்கு நான் போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். நான் கேட்கவில்லை. தாதி தானாகவே சொன்னாள்.

சரசு ஒவ்வொரு தடவையும் வந்தாள். மாவுக்கட்டு அவிழ்த்தபின் கை கோணியிருப்பதைப் பார்த்தேன். அந்தக் கையால் வாந்திச் சட்டியைப் பிடிப்பாள், சரியாகப் பிடிக்க வராது, சாய்ந்துவிடும். வேறு கையை மாற்ற மாட்டாள். ஊரைப் பற்றிக் கேட்டால் மழை, கொழுந்து என்று ஏதாவது சொல்வாள். எனக்குச் சாகப் பயம் இருந்தது. அதோடு நல்லாவதற்கும் பயமாக இருந்தது. நல்லானால் அவள் எதையோ கேட்பாள். என்னால் அது முடியாமல் போனால் என்ன செய்வது?

ரத்தத்தில் அந்தக் கருச் சத்தை எண்ணிப் பார்ப்பார்கள். முதலில் எண் ஒரு தாளின் அகலத்துக்கு நீண்டு கிடந்தது. ஒவ்வொரு தடவையும் பாதியாகி, காலாகி, கடைசியில் இல்லை என்று வந்தது. நெஞ்சுப் படத்தில் காசுகள் மறைந்திருந்தன. டாக்டரம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் வெகு நேரம் வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு காகிதப் பட்டையை எடுத்துவரச் சொன்னார். அது தேவையில்லாத சோதனைதான், உங்கள் மனைவி பார்க்கட்டும் என்றார். ஒரு கோடு விழுந்தது. சரசு அந்தப் பட்டையைக் கடதாசியில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது அவள் கேட்டாள்.

"அன்னிக்கு வரிசையில நின்னவளுகளுக்கு ரெண்டு கோடு மட்டுந்தான் தெரியும். அது யாரோடதுன்னு தெரியாது. ஒங்களுக்குக் கொடலெறக்கம்னு சொல்லிட்டீங்க. எனக்கு வயித்துல இருந்தத அண்ணன் கூட்டிட்டுப் போயி கலைச்சுட்டாருன்னு நாலு மாசமா பேசுறாளுக. மல்லிகாவப் பாத்துக் கேக்குறாளுக, தம்பி பாப்பாவ எங்கடின்னு. மருந்தையா ரெண்டு பேருக்கிட்ட சொல்லிப் பாத்தாரு, அவருக்குக் காசு குடுத்துட்டோம்னு சொல்லிட்டாளுக. நீங்க சொல்லணும். பெரட்டுல நின்னு சொல்லணும்."

பெரட்டு என்றால் தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கத் தோட்டமே கூடும் இடம். இருநூறு பேர் நிற்பார்கள். சன்னலுக்குள் இருந்த ஒருவருக்கு, பத்துப் பெண்கள் முன்னால், என்னுடையது என்று சொல்லக் கூசினவன் நான்.

ஒரு வாரம் நான் போகவில்லை. வெறும் லயத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டேன். எட்டாம் நாள் போனேன். தலையில் மயிர் இல்லை, தொப்பி போட்டிருந்தேன். வேலைக்குப் பேர் எழுதும் கண்டாக்கையாவிடம் ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டு ஒதுங்கி நின்றார். கூடைகளோடு பெண்கள் ஒரு பக்கம், கத்திகளோடு ஆண்கள் ஒரு பக்கம். சரசு பெண்கள் வரிசையில் கடைசியில் நின்றாள். இடது கையால் கூடைக் கயிற்றைப் பிடிக்க முடியாது என்று வலது பக்கம் மாட்டியிருந்தாள்.

நான் தொப்பியைக் கழற்றினேன். எனக்கு வந்தது விதையில் புற்று என்றேன். ரெண்டு கோடு விழுந்த போத்தல் என்னுடையது, அவளுடையது என்று தவறாக நீட்டிவிட்டேன், உண்மை தெரிந்த பிறகும் வெட்கப்பட்டுக் குடலிறக்கம் என்று பொய் சொன்னேன் என்றேன். அவளை நான்தான் அடித்தேன், கையை உடைத்தேன், மகள் மண்டையைப் பிளந்தேன், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். காதுக்குள் சில்வண்டு கத்தியதில் என் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. சொல்லி முடித்துக் குனிந்து நின்றேன். வேலு கத்தியைக் கீழே வைத்தது மட்டும் தெரிந்தது.

பெண்கள் வரிசையின் கடைசியிலிருந்து சரசு குரல் கொடுத்தாள்.

"பின்னால கேக்கலைங்க. சத்தமாச் சொல்லுங்க."

நான் நிமிர்ந்தேன். முதலிலிருந்து மறுபடி சொன்னேன். இந்தத் தடவை கத்தித்தான் சொன்னேன்.

அன்று சாயந்தரம் அவள் பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்தாள். பாயை அடுப்படியிலிருந்து எடுத்து உள்ளே போட்டாள். மன்னித்துவிட்டதாக அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சில வருஷங்களில் இரண்டு ஆண்கள், வேறு வேறு தோட்டத்துக்காரர்கள், பெரட்டில் சொன்ன கதையைக் கேள்விப்பட்டு என்னிடம் வந்தார்கள். தங்களுக்கும் அங்கே ஒரு தடிப்பு இருப்பதாக, என்னைப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். அன்றைக்கே மருந்துச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எழுதச் சொன்னது சரசுதான். பெரட்டுக்கு வராதவர்களும் இருக்கிறார்களே என்றாள்.

அந்தப் போத்தல் என்னுடையது. அந்தக் கையை உடைத்தது நான். இதோடு மூன்று தடவை சொல்லிவிட்டேன்.